ஒரே நிரல், இரண்டு பைத்தான்

ஒரு நிரல்மொழியின் பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் ஒருசேர ஓடும்படி ஒரே மூலநிரலை எழுதிப் பேணுவது மென்பொருள் துறையின் கடினமான பணிகளுள் ஒன்று. சென்னை அலுவலகங்களின் பேச்சுவழக்கில் இது 'ஒரே கோட்பேஸ், ரெண்டு வெர்ஷன்'. எல்லா மொழிகளிலும் இந்தத் தேவை எழுவதுண்டு. ஆனாலும் பைத்தான் 2-இலிருந்து பைத்தான் 3-க்குப் போன காலத்தில்தான் உலகெங்கும் நிரலாளர்கள் இதை ஆண்டுக்கணக்கில் சுமந்தார்கள். தமிழுக்காக நிரல் எழுதியவர்களுக்கு அந்தச் சுமை ஒரு படி கூடுதல்.

கைடோ வான் ரோஸம் உருவாக்கிய பைத்தானின் 3.0 பதிப்பு 2008 டிசம்பர் 3 அன்று வந்தது. பழைய நிரல்கள் அதில் அப்படியே ஓடாது என்பது தெரிந்தே எடுத்த முடிவு. பழைய கிளையின் கடைசிப் பெரும்பதிப்பான 2.7, 2010 ஜூலையில் வெளியானது. அதற்கான ஆதரவு 2015-இல் முடிவதாக இருந்தது. மாறியவர்கள் குறைவாக இருந்ததால், 2014-இல் அந்தக் கெடு 2020-க்குத் தள்ளிப்போனது. இப்படி ஏறத்தாழ 11 ஆண்டுகள் இரண்டு பைத்தான்களும் பக்கம்பக்கமாக வாழ்ந்தன.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், பலரும் 'பிரிண்ட்' கட்டளைக்கு அடைப்புக்குறி வந்ததைத்தான் சொல்வார்கள். தமிழ்ப் பயனருக்கு அது அற்ப விஷயம். அவருக்கு முக்கியமான வேறுபாட்டை 'மயிலாப்பூர்' என்ற ஒரு சொல்லிலேயே காட்டிவிடலாம்.

நம் கணக்கில் அது ம, யி, லா, ப், பூ, ர் என்று 6 எழுத்து. யூனிகோட் கணக்கு வேறு: உயிர்மெய்க் குறிகளையும் புள்ளிகளையும் தனித்தனியாக எண்ணுவதால் 11 குறியீடுகள். அதையே யூடிஎஃப்-8 முறையில் கோப்பில் சேமித்தால், குறியீட்டுக்கு 3 பைட் வீதம் 33 பைட். மேற்கோள்குறிக்குள் இச்சொல்லை இட்டு நீளம் கேட்டால் பைத்தான் 2 சொல்லும் விடை 33. பைத்தான் 3 சொல்வது 11. மேற்கோள்குறிக்கு முன்னால் 'யூ' என்ற எழுத்தைச் சேர்த்தால் பழைய பதிப்பும் 11 என்று சொல்லும். மனிதர் எண்ணும் 6 இரண்டிலுமே தானாகக் கிடைக்காது.

ஆபத்து நீளத்தோடு நிற்கவில்லை. பைத்தான் 2-இல் பைட் சரமும் யூனிகோட் சரமும் கலந்தால், அது பைட்டுகளை ஆஸ்கி என்று எடுத்துக்கொண்டு தானே மாற்றப் பார்க்கும். ஆஸ்கியின் எல்லை 0 முதல் 127 வரை. தமிழ் எழுத்து ஒவ்வொன்றின் முதல் பைட்டும் 224. அடையாறு, தியாகராய நகர் என்று பெயர்களை ஆங்கிலத்தில் தட்டெழுதும்வரை ஒரு முகவரிப் பட்டியல் நிரல் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடும். முதல் தமிழ்ப் பெயர் நுழைந்த நொடியில் பிழைச்செய்தி காட்டி நின்றுவிடும். பைத்தான் 3 இந்தக் கலப்பையே தடை செய்தது. பைட் வேறு, உரை வேறு. எங்கே மாற்றுவது என்பதை நிரலாளரே சொல்லியாக வேண்டும். தமிழுக்கு இந்த மாற்றம் செய்த நன்மை பெரிது.

இரண்டு உலகங்களுக்கு ஒரே நேரத்தில் எழுதுவது தமிழ்க் கணிமைக்குப் புதிதன்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டி தமிழ்99 விசைப்பலகையும், டாப், டாம் குறியாக்கங்களும் ஏற்கப்பட்டன. டிஸ்கி என்ற குறியாக்கமும் புழக்கத்தில் இருந்தது. பழைய எழுத்துருவில் சேமித்த கோப்பையும் யூனிகோட் கோப்பையும் படிக்கத் தெரியாத கருவியால் அன்று பயனில்லை.

அந்த மரபில் வந்ததுதான் 'ஓப்பன்-தமிழ்'. முத்தையா அண்ணாமலை தொடங்கி, தன்னார்வலர்கள் பலர் சேர்ந்து வளர்த்த கட்டற்ற பைத்தான் நூலகம் இது. தமிழ்ச் சொற்களை அடிப்படையாகக் கொண்ட 'எழில்' நிரல்மொழியை உருவாக்கியவரும் அவரே. 'மயிலாப்பூர்' என்பதை 6 எழுத்தாகப் பிரித்துத் தருவது ஓப்பன்-தமிழின் அடிப்படை வேலைகளில் ஒன்று. ஒரே மூலநிரல் இரண்டு பைத்தான்களிலும் ஓடும்படி அதை எழுதினார்கள்.

எப்படி? எழுத்துகளைக் கையாளும் கோப்பின் தொடக்கத்திலேயே ஒரு வரி, ஓடிக்கொண்டிருக்கும் பைத்தானின் பதிப்பு எண்ணில் முதல் எழுத்து 3-ஆ என்று பார்த்து, விடையை 'பைத்தான்3' என்ற மாறியில் வைத்துக்கொள்கிறது. இரண்டு பதிப்பும் பிரியும் இடங்களில் மட்டும் அந்த மாறி கேட்கப்படுகிறது. எளிய வழி, ஆனால் கவனம் வேண்டிய வழி. இதே பாணியில் பதிப்பு எண்ணின் முதல் மூன்று எழுத்துகளை வெட்டியெடுத்த நிரல்கள், 2021 அக்டோபரில் 3.10 வந்தபோது அதை 3.1 என்று எண்ணி ஏமாந்தன. எண்களாகவே ஒப்பிடுவதுதான் பாதுகாப்பு.

பிரியும் இடங்களில் ஒன்று அகரவரிசை. அகராதியில் 'பக்கம்' முன்னால் வரும், 'பகல்' பின்னால் வரும். யூனிகோட் எண்படி அடுக்கினால் இது தலைகீழாகும். புள்ளியின் எண் லகரத்தின் எண்ணைவிடப் பெரியது. அதனால் இரு சொற்களை ஒப்பிட்டு எது முந்தியது என்று சொல்லும் தனிச் செயல்கூறு தமிழுக்குத் தேவை. பைத்தான் 2-இல் அதை வரிசைப்படுத்தும் கட்டளையிடம் நேராகக் கொடுக்கலாம். பைத்தான் 3 அந்த வசதியை நீக்கிவிட்டது. மாற்றாக வந்த உறை 2.7-இலும் 3.2-இலும் சேர்க்கப்பட்டதால், அதன் வழியே எழுதிய வரி இரு பக்கமும் ஓடும்.

பொதுவாக மூன்று வழிகள் முயலப்பட்டன. பழையதற்கு ஒரு கிளை, புதியதற்கு ஒரு கிளை என்று இரண்டு நிரல்களை வைத்துக்கொள்வது முதல் வழி. ஒவ்வொரு பிழையையும் இரண்டு முறை திருத்த வேண்டியிருக்கும். பழைய நிரலை 'டூ-டு-திரீ' என்ற கருவியால் மொழிபெயர்த்து வெளியிடுவது இரண்டாவது. தொடக்கத்தில் பைத்தான் குழு பரிந்துரைத்தது இதைத்தான், ஆனால் நடைமுறையில் நிலைக்கவில்லை. இரண்டுக்கும் பொதுவான சொற்களில் மட்டும் எழுதுவதே வென்ற வழி. பெஞ்சமின் பீட்டர்சன் எழுதிய 'சிக்ஸ்' என்ற ஒற்றைக் கோப்பு நூலகம் இதற்குத் துணை நின்றது. இரண்டு பெருக்கல் மூன்று ஆறு என்பதால் அந்தப் பெயர். இணையதளங்கள் கட்ட உதவும் ஜாங்கோ 2013-இன் 1.5 பதிப்பிலிருந்து 2017-இன் 1.11 வரை இப்படித்தான் இரண்டையும் தாங்கியது.

இந்த வழிக்கு முதலில் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. மேற்கோளுக்கு முன்னால் வரும் அந்த 'யூ' பைத்தான் 3.0 முதல் 3.2 வரை இலக்கணப் பிழை. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்துகளையும் 'யூ' போட்டு அட்டவணையாக அடுக்கும் தமிழ் நிரலுக்கு இது வாசலிலேயே தடை. ஆர்மின் ரோனாக்கரின் முன்மொழிவை ஏற்று, 2012-இல் வந்த 3.3 அதை மீண்டும் அனுமதித்தது. புதிய பதிப்பில் அந்த எழுத்துக்கு வேலை எதுவும் இல்லை. பழையதோடு ஒத்துப்போவதற்காக மட்டுமே அது திரும்பி வந்தது.

பிழைச்செய்தி தரும் வேறுபாடுகளைவிட, மௌனமாக விடையை மாற்றுபவை மோசமானவை. ரங்கநாதன் தெருக் கடை ஒன்றில் 7 ரூபாயை 2 பேருக்குப் பிரிக்கச் சொன்னால் பைத்தான் 2 தருவது 3, பைத்தான் 3 தருவது 3.5. கோப்பின் தலையில் எதிர்கால வகுத்தலை வரவழைக்கும் ஒரு வரி இருந்தால் இரண்டும் 3.5 என்றே சொல்லும். அந்த வரி விடுபட்டதைக் கண்டுபிடிக்க ஒரே உபாயம், எல்லாச் சோதனைகளையும் எல்லாப் பதிப்புகளிலும் ஓட்டுவது. 'டாக்ஸ்' என்ற கருவி அதை ஒரே கட்டளையில் செய்கிறது. சோதனை இல்லாத இருபதிப்பு ஆதரவு வெறும் வாய்ச்சொல்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. பைத்தான் 3-இல் ஒரு மாறிக்கு 'விலை' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம். பைத்தான் 2 அதை ஏற்காது. பழையதையும் தாங்கும் நிரலில் தமிழ் நூலகம்கூடத் தமிழ்ப் பெயர்களைப் பயன்படுத்த முடியாது.

பிறகு ஏன் பழையதைத் தாங்க வேண்டும்? தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னையிலுள்ள சி-டாக் மையம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. 2019-இல் வந்த டெபியன் 10 வரை 'பைத்தான்' என்று தட்டினால் வந்தது பைத்தான் 2-தான். புதியதை மட்டும் தாங்கும் நூலகம், கையிலிருக்கும் கணினியை மாற்ற வழியில்லாத மாணவரை வெளியே நிறுத்திவிடும்.

2019 அக்டோபரில் நந்தம்பாக்கம் சென்னை வர்த்தக மையத்தில் பைகான் இந்தியா மாநாடு நடந்தபோது பைத்தான் 2-க்கு மூன்று மாதம்கூட மீதமில்லை. 2020 ஜனவரி 1 அன்று ஆதரவு நின்றது. இறுதிப் பதிப்பான 2.7.18 அந்த ஏப்ரலில் வந்தது. தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகம் 2019-20 கல்வியாண்டிலேயே பைத்தான் 3-ஐக் கற்பிக்கத் தொடங்கியிருந்தது.

பழைய பதிப்பைக் கைவிடும் நாள் ஒவ்வொரு நூலகத்துக்கும் வரும். கைவிடும் முறையில்தான் அக்கறை தெரியும். தேவையான குறைந்தபட்சப் பைத்தான் பதிப்பை நூலகத்தின் விவரக்குறிப்பில் எழுதிவைத்தால், 2016-இல் வந்த 'பிப்' 9 முதல் நிறுவல் கருவியே அதைப் படித்து, பழைய கணினிக்கு அதில் ஓடக்கூடிய கடைசிப் பதிப்பைத் தேடிக் கொடுக்கும். தமிழ் நூலகங்களைப் பேணுவோர் பழைய கிளையை வெட்டும் முன் அந்த ஒரு வரியை எழுதிவிட வேண்டும்.