கடல் கடக்கக் கட்டிய மூட்டை: திருவண்ணாமலை வட்டாரக் குடும்பங்களின் அயலகப் புறப்பாடு

திருவண்ணாமலையைச் சூழ்ந்துள்ள செங்கம், போளூர், ஆரணி, செய்யாறு, வந்தவாசி வட்டாரங்களிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கிக் கடல் கடந்து சென்ற குடும்பங்களின் வரலாறு பெரும்பாலும் கப்பல் புறப்பட்ட நாளிலிருந்தோ, கரும்புத் தோட்டத்தில் கால் வைத்த நாளிலிருந்தோதான் எழுதப்பட்டு வந்திருக்கிறது. ஆயினும் அக்குடும்பங்களின் பயணம் அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே கடன் கொடுத்தவரின் திண்ணையிலும், சந்தைத் திடலிலும், குலதெய்வத்தின் முன்னும் தொடங்கிவிட்டது. கையில் எதை எடுத்துச் செல்வது என்பதைச் சட்டமும் வறுமையும் சேர்ந்தே தீர்மானித்துவிட்டதால், குடும்பங்களின் ஆயத்தம் பெரும்பாலும் நிலம், கடன், உறவு, நேர்த்திக்கடன் ஆகிய கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்ப்பதாகவே இருந்தது.

பிரித்தானியப் பேரரசு 1834இல் அடிமை முறையை ஒழித்த பிறகு, கரும்புத் தோட்ட முதலாளிகள் மொரீஷியஸ், நேட்டால், பிஜி முதலிய தீவுகளுக்கும் குடியேற்றங்களுக்கும் இந்தியாவிலிருந்து ஆள் சேர்த்தனர். இது ஒப்பந்தக் கூலி முறை எனப்பட்டது. அதாவது, குறித்த கூலிக்கு ஐந்தாண்டுகள் ஒரே முதலாளியிடம் உழைப்பதாக எழுத்தில் ஒப்புக்கொண்டு, இடையில் விலகினால் சிறைத்தண்டனைக்கும் உட்படும் முறை. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் கப்பலான ‘ட்ரூரோ’ 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16 அன்று 342 பேருடன் டர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலுக்கு மட்டும் 1,52,184 பேர் சென்றனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்றவர்கள். அவர்களை அனுப்பிய மாவட்டங்களுள் முன்வரிசையில் நின்றது, போளூரும் ஆரணியும் வந்தவாசியும் அன்று அடங்கியிருந்த வட ஆர்க்காடு. சென்னையிலிருந்து பிஜிக்கு 1903இல் தொடங்கி 1916இல் முடிவுற்ற பயணங்களிலும் இதே மாவட்டத்தின் பங்கு பெரிதாகவே இருந்தது.

இந்த வட்டாரம் இத்தனை பேரை அனுப்பியதற்கு மண்ணும் மழையுமே முதற்காரணம். ஏரிப்பாசனத்தை நம்பிய இப்பகுதியில் பருவமழை ஈராண்டு பொய்த்தால் ஏரியும் கிணறும் ஒருசேர வற்றிவிடும். 1876–78 ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தில் அதுவே நேர்ந்தது. 1871ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் சுமார் 20 லட்சமாக இருந்த வட ஆர்க்காட்டு மக்கள்தொகை 1881இல் சுமார் 18 லட்சமாகக் குறைந்திருந்தது. எனினும் பஞ்சம் ஒன்றையே காரணமாகச் சொல்வது பாதி உண்மைதான். வடதமிழகத்தில் படியாள் என்று அழைக்கப்பட்டவர், திருமணத்துக்கோ இழவுச் செலவுக்கோ வாங்கிய சிறு கடனுக்காக நிலவுடைமையாளரிடம் தம்மையும் தம் பிள்ளைகளையும் உழைப்புக்கு எழுதிக்கொடுத்து, கூலியைத் தானியமாகப் படியளந்து பெற்ற பண்ணையாள். 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்று சொல்லிவிட்ட பின்னரும் இந்தக் கடன்கட்டு நீடித்தது. இத்தகைய குடும்பத்துக்குக் கடல் கடப்பது, கொடிய தோட்ட வாழ்வு காத்திருந்தபோதிலும், ஊரில் எந்த வழியிலும் கிட்டாத விடுதலையின் சாயலைக் கொண்டிருந்தது என்பதை மறுப்பது அம்மக்களின் துணிவைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

நிலமுள்ள சிறு குடியானவர் புறப்பட நினைத்தால், பங்காளியிடம் நிலத்தை வாரத்துக்கோ போக்கியத்துக்கோ விடுவதும் (போக்கியம் என்பது கடனுக்கு ஈடாக நிலத்தின் விளைச்சலைக் கடன் கொடுத்தவரே அனுபவிக்கும் ஏற்பாடு), உழவு மாட்டை விற்பதும் முதல் வேலைகள். கார்த்திகைத் தீபத்தையொட்டித் திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தை சுற்று வட்டாரம் முழுவதற்கும் பேர்பெற்றது. மாட்டை விற்கவும் வாங்கவும் வந்த குடியானவரும், மலைமேல் ஏற்றப்படும் தீபத்தைக் காண வந்த அடியாரும் ஒரே நாட்களில் ஒரே ஊரில் திரண்டனர். திருவிழாக் கூட்டம், சந்தை, சத்திரம், ரயிலடி ஆகியவையே ஆள் சேர்ப்போர் எங்கும் விரும்பி நடமாடிய இடங்கள். நிலமற்ற படியாளுக்கோ விற்க எதுவுமில்லை. இரவோடிரவாக ஊரை விட்டு அகல்வதே அவர் செய்யக்கூடிய ஆயத்தம்.

புறப்பாட்டின் மறுபாதி தெய்வத்தோடு தொடர்புடையது. நெடும்பயணத்துக்கு முன் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பது, அதாவது நலமாகத் திரும்பினால் செலுத்துவதாக நேர்ந்த காணிக்கையை வீட்டில் கட்டிவைப்பது, தமிழ்நாட்டின் பழைய வழக்கம். குலதெய்வக் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துச் சென்று, குடியேறிய இடத்தில் அதை வைத்துப் புதிய கோயில் எழுப்புவதும் அத்தகையதே. அருணாசலம், அண்ணாமலை என்ற பெயர்களே அண்ணாமலையாரைக் கூடவே கொண்டு சென்றன. அவை மொரீஷியஸிலும் ரீயூனியனிலும் ‘ஆர்னாச்செலம்’ என்றும், தென்னாப்பிரிக்காவில் ‘அன்னாமலே’ என்றும் குடும்பப் பெயர்களாக இன்றும் வழங்குகின்றன.

மூட்டை எவ்வளவு சிறியதாக இருந்தது என்பதைப் புரிந்துகொள்ள அரசின் நடைமுறையைப் பார்க்க வேண்டும். 1883ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, உரிமம் பெற்ற ஆள் சேர்ப்பவர் தாம் திரட்டியவரை உள்ளூர்ப் பதிவு அலுவலர் முன் நிறுத்த வேண்டும். அலுவலர் ஒப்பந்த விதிகளை விளக்கி, புரிந்ததா, விருப்பமா என்று கேட்டுப் பதிய வேண்டும். அதன்பின் அவர்கள் சென்னைத் துறைமுகத்தை அடுத்த டிப்போவுக்கு, அதாவது கப்பல் வரும்வரை தங்கவைக்கப்படும் முகாமுக்கு, அனுப்பப்பட்டனர். அங்கே குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற அரசு அதிகாரியும் மருத்துவரும் மீண்டும் பரிசோதித்தனர். கப்பலுக்கான கம்பளியும் உடையும் தகரத் தட்டும் அங்கேயே வழங்கப்பட்டன. அரிசி, பருப்பு, உப்பு, புளி, மிளகாய், மஞ்சள், கருவாடு என்று வழியுணவின் அளவும் விதிகளில் குறிக்கப்பட்டிருந்தது. ஆகவே வீட்டிலிருந்து வந்தது பெரும்பாலும் ஒரு செம்பு, ஒன்றிரண்டு துணி, பெண்களின் உடல்மேல் இருந்த நகை ஆகியவையே. நகை அன்றைய சேமிப்பு வடிவம். ஒப்பந்தம் முடிந்து திரும்பியோர் கொண்டுவந்த பணத்தோடு நகையின் மதிப்பையும் காலனி அதிகாரிகள் கணக்கிட்டு எழுதியிருப்பது அதனால்தான்.

குடும்பம் என்பதே இந்த முறையில் ஒரு கணக்கு அலகாக மாறியது. ஒவ்வொரு 100 ஆண்களுக்கும் 40 பெண்கள் கப்பலில் இருக்க வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருந்த காலத்தில், பெண்கள் போதாமல் கப்பல்கள் துறைமுகத்தில் காத்துக் கிடந்தது உண்டு; மனைவியும் மகளும் உள்ள குடும்பத்தை ஆள் சேர்ப்போர் தனியாளைவிட ஆவலுடன் தேடியதற்கு அதுவே காரணம். கப்பல் பட்டியலில் தந்தை, தாய், பிள்ளை என ஒவ்வொருவருக்கும் தனி எண் இடப்பட்டது; பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடலிலுள்ள மச்சம் அல்லது தழும்பு ஆகியவை பதியப்பட்டன. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருவர் கப்பல் கணக்கில் ஒரு பெரியவராக எண்ணப்பட்டனர். தம் வாழ்நாளில் ஒரு பட்டாவிலும் பெயர் ஏறாத பெண்கள் இப்பட்டியல்களில் தம் சொந்தப் பெயரோடு நிற்கிறார்கள். அவர்களைப் பற்றி எஞ்சியிருக்கும் ஒரே எழுத்து பல நேரங்களில் அதுதான்.

சென்னைக்குச் செல்லும் வழியும் ஒரு சோதனையே. தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைவரை போடப்பட்டதால் வட ஆர்க்காட்டின் வடபகுதி துறைமுகத்துக்கு மிக அருகில் வந்துவிட்டது; திருவண்ணாமலையிலிருந்து புறப்பட்டவர் நெடுந்தூரம் நடந்தோ வண்டியிலோதான் ரயிலடியைச் சேர வேண்டியிருந்தது. 1890களில் விழுப்புரம்–காட்பாடி பாதை இவ்வூர் வழியாக ஓடத் தொடங்கியிருந்தது. பின்னாளில் ரமண மகரிஷி எனப் போற்றப்பட்ட இளைஞர் வேங்கடராமன் 1896 செப்டம்பர் 1 அன்று வந்து இறங்கியதும் இந்தப் பாதையில்தான். வீட்டைத் துறந்து வருவோரையும் வீட்டை விட்டுப் போவோரையும் ஒரே தண்டவாளம் சுமந்தது. சென்னையில் துறைமுகச் சுவர் எழும்பும் முன்னர், கயிற்றால் தைக்கப்பட்ட மசூலாப் படகுகளில் ஏறி, அலைகளைக் கடந்தே தொலைவில் நங்கூரமிட்ட கப்பலை அடைய முடிந்தது. கடலையே பார்த்திராத உள்நாட்டுக் குடும்பங்களுக்கு அந்தச் சில நூறு கஜங்களே பயணத்தின் மிகக் கொடிய பகுதியாக இருந்திருக்க வேண்டும்.

சென்னையைவிடத் திருவண்ணாமலைக்கு அண்மையில் இருந்த துறைமுகம் புதுச்சேரி. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த அத்துறைமுகமும் காரைக்காலும் ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளுக்குத் தமிழரை அனுப்பின. குவாதலூப்புக்கு முதல் கப்பலான ‘ஒரேலி’ 1854 டிசம்பரில் சென்று சேர்ந்தது. பிரெஞ்சு எல்லைக்குள் போதிய மக்கள் இல்லாததால், சுற்றியிருந்த பிரித்தானிய ஆர்க்காட்டு மாவட்டங்களிலிருந்தே ஆட்கள் திரட்டப்பட்டனர். 1861ஆம் ஆண்டு ஒப்பந்தம் அதை வெளிப்படையாக அனுமதித்தது. தொழிலாளர் நடத்தப்பட்ட விதம் குறித்த புகார்கள் முற்றியதால் 1882இல் ரீயூனியனுக்கும், 1888இல் குவாதலூப்புக்கும் இந்திய அரசு ஆளனுப்புவதை நிறுத்தியது. அதற்குள் குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 பேர் சென்றுவிட்டனர்.

எந்த அதிகாரியும் எடைபோடாத சுமை ஒன்றும் இக்குடும்பங்களோடு சென்றது. அதுவே இவ்வட்டாரத்துக்குரிய தனி அடையாளம். செஞ்சி முதல் திருவண்ணாமலை, செய்யாறு வரையிலான நிலப்பரப்பு திரௌபதி அம்மன் வழிபாட்டின் மையப் பகுதி. இங்கே பாரதம் படித்தல், இரவு முழுதும் தெருக்கூத்து, மண்ணில் பெரிய உருவமாகப் படுக்கவைக்கப்பட்ட துரியோதனனை வீழ்த்தும் படுகளம், நிறைவாகத் தீமிதி என்று விழா நாட்கணக்கில் நீளும். செய்யாறு வட்டத்துப் புரிசை தெருக்கூத்துக்கு இன்றும் பேர்பெற்ற ஊர். இந்த விழா ரீயூனியனில் ‘பாண்டியாலே’ என்ற பெயரால் அழைக்கப்படும் அம்மனுக்கு நடக்கும் தீமிதியாக வாழ்கிறது. தெருக்கூத்து அங்கே ‘பால் தாமூல்’ என்ற பெயரிலும், நேட்டாலில் ஆறடி நடனம் என்ற பெயரிலும் தோட்டத் தொழிலாளரால் ஆடப்பட்டது. தகரத் தட்டும் கம்பளியும் எப்போதோ தேய்ந்து மறைந்தன. கதையும் தாளமும் நேர்ச்சையும் தலைமுறைகளைக் கடந்தன. மொழியை இழந்துவிட்ட பேரர்களும் தீக்குழியில் இறங்கும்போது காப்புக் கட்டிக்கொள்கிறார்கள் என்பது, மனிதர் எதைக் கைவிட மறுக்கிறார்கள் என்பதற்கு வலுவான சான்று.

மலேயாவுக்கான பயணம் வேறு வகையானது. அங்கே கங்காணி முறை நிலவியது. கங்காணி என்பவர் தோட்டத்திலேயே வேலை பார்த்து, சொந்த ஊருக்குத் திரும்பித் தம் உறவினரையும் அக்கம்பக்கத்தவரையும் திரட்டிச் சென்ற மேற்பார்வையாளர். 1907இல் ஏற்படுத்தப்பட்ட நிதியம் பயணச் செலவை ஏற்றதால், ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கிக் குடும்பங்கள் கப்பலேறின. தெரிந்தவரே அழைத்துச் சென்றதால், யார் எந்தத் தோட்டத்தில் இருக்கிறார், அங்கே என்ன கிடைக்காது என்ற செய்தி முன்கூட்டியே ஊருக்கு வந்தது. புளி, மிளகாய், வடகம், ஊறுகாய் என்று வீட்டுச் சமையலறையே பெட்டிக்குள் ஏறத் தொடங்கியது இக்காலத்தில்தான். இந்திய அரசு 1938இல் மலேயாவுக்கு உடலுழைப்புத் தொழிலாளரை அனுப்புவதைத் தடைசெய்த பின், அங்கிருந்த கணவரிடம் செல்லும் மனைவியும் பிள்ளைகளுமே பயணிகளில் மிகுந்தனர். 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் எனச் சென்றுவந்த ‘ரஜுலா’ கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்து, டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு பயணம் செய்த தாய்மார்களின் நினைவு இன்றைய முதியோரிடம் எஞ்சியிருக்கிறது. அந்நினைவுகள் முறையாகத் தொகுக்கப்படவேண்டியது அவசரமான பணி.

நேட்டால், மொரீஷியஸ் குடும்பங்கள் அண்மை ஆண்டுகளில் தம் மூதாதையர் ஊரைத் தேடித் திருவண்ணாமலைக்கு வருகின்றன. டர்பனில் உள்ள காந்தி–லுத்துலி ஆவண மையத்திலும் மொரீஷியஸின் மகாத்மா காந்தி நிறுவனத்திலும் பாதுகாக்கப்படும் பட்டியல்களின் நகலே அவர்கள் கையிலுள்ள வழிகாட்டி. ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயரை அடையாளம் காண்பதே கடினம். மாவட்ட எல்லைகள் மாறியது அக்கடினத்தை இரட்டிப்பாக்குகிறது. திருவண்ணாமலை தாலுகா, 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகி எல்லைகள் திருத்தப்படும்வரை, தென்னார்க்காட்டில் இருந்தது; போளூரும் ஆரணியும் வந்தவாசியும் வட ஆர்க்காட்டில் இருந்தன; 1989இல்தான் இவை அனைத்தும் திருவண்ணாமலை மாவட்டம் என்ற ஒரே பெயருக்குள் வந்தன. ஆகவே ‘வட ஆர்க்காடு’ என்று எழுதிய சான்றிதழை ஏந்தி வருபவர் இன்றைய வேலூர் மாவட்டத்தில் மட்டும் தேடினால் ஊர் கிடைக்காமல் போகக்கூடும்; பட்டியலில் உள்ள தாலுகாவின் பெயரை முதலில் படித்து, அதை 1911க்கு முந்தைய வரைபடத்தில் வைத்துப் பார்த்த பிறகே கிராமத்தைத் தேடப் புறப்பட வேண்டும்.