காலி இடம் என்று நான் சொன்ன இடம்

இன்று பதிவு கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இலைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், என்னைத் தெரியுதா? ஒன்பதாம் வகுப்பு, 87-ல. உலகப் படத்தைக் காட்டி ஒரு கேள்வி கேட்டேன். நீங்க சிரிச்சுட்டீங்க. பசங்களும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் உங்க வகுப்புல நான் வாயே திறக்கலை சார்." அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் பாயசம் தொண்டையில் இறங்கவில்லை.

கேள்வி எனக்கும் நினைவுக்கு வந்தது. "சார், ஜாவாவுல அவ்வளவு நெரிசல்னு சொல்றீங்க. சைபீரியா காலியாக் கிடக்குன்னும் சொல்றீங்க. அவங்கள்ல கொஞ்சம் பேரை இங்க கொண்டுவந்து விட்டா என்ன?" நான் சொன்ன இரண்டு வாக்கியங்களைப் பையன் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்திருக்கிறான், அவ்வளவுதான். நான், "ஐஸ் பெட்டிக்குள்ள வாழைக்கன்னு வைப்பியாடா?" என்று கேட்டு வகுப்பைச் சிரிக்க வைத்தேன். 37 வருடம் சமூக அறிவியல் எடுத்தவன் நான். அந்தக் கேள்விக்கு இன்றைக்காவது ஒழுங்காகப் பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் அந்தப் படம். வகுப்பில் தொங்கியது மெர்கேட்டர் முறையில் வரைந்த படம். 1569-ல் கப்பல்காரர்கள் திசை தவறாமல் போவதற்காக வரையப்பட்ட முறை அது. நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக நிலத்தை ஊதிக் காட்டும். 60 பாகை வடக்கில் பரப்பு நான்கு மடங்கு பெரிதாகத் தெரியும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஜாவா உள்ளபடியே சின்னக் கோடாகக் கிடக்கும். அந்தக் காலி இடம் பையன் கண்ணுக்கு அவ்வளவு பெரிதாகப் பட்டதில் படத்துக்கும் பங்கு உண்டு.

சைபீரியா முழுவதையும் எடுத்தால் பேச்சு நீளும். அதில் யாகுத்தியாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இப்போது சகா குடியரசு என்கிறார்கள். பரப்பு சுமார் 30.8 லட்சம் சதுர கிலோமீட்டர், நம் இந்தியாவை விடக் கொஞ்சம்தான் குறைவு. மக்கள் சுமார் 10 லட்சம். ஜாவா ஏறத்தாழ நம் தமிழ்நாடு அளவு, சுமார் 1.3 லட்சம் சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பில் அங்கே 15 கோடிப் பேருக்கு மேல். ஜாவாவில் ஒரு சதுர கிலோமீட்டருக்குள் ஆயிரம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள், யாகுத்தியாவிலோ ஒருவருக்கு மூன்று சதுர கிலோமீட்டர்.

குளிரைச் சொன்னால் நம் ஊரில் நம்ப மாட்டார்கள். அங்கே ஒய்மியாக்கோன் என்ற ஊரில் 1933 பிப்ரவரியில் மைனஸ் 67.7 டிகிரி பதிவானது. வெர்கோயான்ஸ்க் என்ற ஊரும் அதற்குச் சளைத்ததல்ல. அதே வெர்கோயான்ஸ்கில் 2020 ஜூன் 20-ல் வெயில் 38 டிகிரி! ஒரே ஊரில் நூறு டிகிரிக்கு மேல் ஏற்ற இறக்கம். ஜகார்த்தாவிலோ வருடம் முழுக்கப் பகலில் முப்பதை ஒட்டியே நிற்கும். அங்கே காலத்தைப் பிரிப்பது மழைதான். பக்கத்திலிருக்கும் போகோரில் வருடத்துக்கு நாலாயிரம் மில்லிமீட்டர் அளவுக்குக் கொட்டும். மழை நகரம் என்றே அதற்குப் பெயர்.

யாகுத்ஸ்க் நகரத்தில் வருட மழை, பனி எல்லாம் சேர்த்து 250 மில்லிமீட்டர்கூட இல்லை. கணக்குப்படி அது பாலைவனம் ஆகியிருக்க வேண்டும். ஆனால் சுற்றிலும் காடு. காரணம், அடியில் எப்போதும் உறைந்தே கிடக்கும் நிலம். கோடையில் மேலே இரண்டு மூன்று முழம் மட்டும் இளகும். தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் வேருக்குக் கிடைக்கும். ஷெர்கின் என்பவர் அங்கே 1828 வாக்கில் கிணறு வெட்ட ஆரம்பித்தார். 116 மீட்டர் தோண்டியும் உறைந்த மண்தான் வந்ததே தவிர, தண்ணீர் வரவில்லை.

இப்போது வரலாற்றுக்கு வருகிறேன். டச்சுக்காரர்கள் ஜெயகார்த்தாவை அழித்து பத்தாவியாவை நிறுவியது 1619-ல். ரஷ்யக் கொசாக்குகள் லேனா ஆற்றங்கரையில் யாகுத்ஸ்கின் முதல் கோட்டையைக் கட்டியது 1632-ல். இடையில் 13 வருடம்தான். அங்கே வாசனைச் சரக்கு, இங்கே சேபிள் என்ற கீரி அளவு விலங்கின் தோல். மாடும் குதிரையும் வளர்த்த சகா மக்களும், வேட்டையாடிய எவெங்கி மக்களும் யசாக் என்ற வரியைத் தோலாகவே கட்ட வேண்டும். ஜாவாவில் 1830-லிருந்து கட்டாயப் பயிர் முறை. கிராம நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கில் கரும்போ அவுரியோ போட வேண்டும் என்பது விதி. நடைமுறையில் அதற்கும் மேலே பிடுங்கினார்கள். 1840-களின் கடைசியில் டெமாக், குரோபோகான் பகுதிகளில் பஞ்சம் வந்து மக்கள் செத்தார்கள், ஊரைவிட்டு ஓடினார்கள்.

அப்படியும் ஜாவாவில் மக்கள் தொகை பெருகியது. 1815-ல் ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் எடுத்த கணக்கு 46 லட்சம். அது குறைத்து எண்ணியது என்பார்கள். 1930-ல் 4 கோடியைத் தாண்டிவிட்டது. எரிமலைச் சாம்பல் மண், வருடம் முழுக்கச் சூடு, மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் எல்லாம் சேர்ந்து நெல் விளைந்தது. 1919-ல் கெலுட் எரிமலை வெடித்து 5,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பிறகும் அந்த அடிவாரத்தை ஜனம் விட்டுப் போகவில்லை. யாகுத்தியாவில் 1897-ல் 2.7 லட்சம் பேர். 1955-ல் வைரம் கிடைத்தது, வெளியாட்கள் வந்தார்கள், 1989-ல் 11 லட்சத்தை நெருங்கியது. சோவியத் உடைந்ததும் பலர் கிளம்பிப் போய்விட்டார்கள். சம்பளத்துக்காக வந்தவர்கள், சம்பளம் நின்றதும் எதற்கு இருக்கப் போகிறார்கள்?

தம்பி, உன் கேள்விக்கு இப்போது வருகிறேன். அது சிரிக்க வேண்டிய கேள்வியே இல்லை. அரசாங்கங்களே அதைக் கேட்டிருக்கின்றன, செய்தும் பார்த்திருக்கின்றன. 1905-ல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து 155 குடும்பங்களைச் சுமத்ராவின் லம்போங் பகுதிக்குக் கொண்டுபோனார்கள். சுதந்திர இந்தோனேசியா அதையே லட்சக்கணக்கில் செய்தது. ஜாவாவில் நெரிசல் குறையவில்லை. போன இடத்தில் ஏற்கெனவே இருந்தவர்களோடு நிலத் தகராறு. 1996-ல் கலிமந்தான் சதுப்புக் காட்டில் பத்து லட்சம் ஹெக்டேர் நெல் வயல் ஆக்குகிறோம் என்று கால்வாய் வெட்டினார்கள். மண் ஒத்துழைக்கவில்லை. காய்ந்த கரிச் சதுப்பு மறுவருடமே தீப்பிடித்து எரிந்தது.

யாகுத்தியாவுக்கும் ஆட்களைக் கொண்டுபோனார்கள், கைதிகளாக. மகதானிலிருந்து யாகுத்ஸ்க் போகும் சாலையை எலும்புச் சாலை என்பார்கள். போட்டவர்கள் அங்கேயே செத்தார்கள். 1942-ல் லித்துவேனியாவிலிருந்து நாடு கடத்திய குடும்பங்களை, குழந்தைகளோடு, லேனா ஆறு கடலில் சேரும் இடத்தில் மீன் பிடிக்க இறக்கிவிட்டார்கள். முதல் குளிர்காலத்திலேயே பலர் போய்விட்டார்கள். வரைபடத்தில் அந்த இடமும் காலியாகத்தான் இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று இரண்டு இடத்திலும் நிலம் இறங்குகிறது. ஜகார்த்தாவில் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி வடபகுதி கடல் மட்டத்துக்குக் கீழே போய்விட்டது. தலைநகரைக் கலிமந்தானுக்கு மாற்ற 2022-ல் சட்டமே போட்டார்கள். யாகுத்ஸ்கில் உறைந்த நிலம் இளகி வீடுகள் விரிசல் விடுகின்றன. வெர்கோயான்ஸ்க் பக்கம் பட்டகைக்கா என்ற பள்ளம் வருடாவருடம் அகலமாகிறது.

அந்த வாழைக்கன்று பேச்சுக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன் தம்பி. பந்தியில் உன் போன் நம்பர் வாங்க மறந்துவிட்டேன். இதைப் பார்த்தால் இன்பாக்ஸுக்கு வா. அதற்கப்புறம் கேட்காமல் வைத்திருந்தாயே, அந்தக் கேள்விகளையும் கொண்டு வா.