கழுத்து வலி: இயன்முறைச் சிகிச்சைகள்

கழுத்தின் ஏழு முள்ளெலும்புகள், அவற்றின் மூட்டுகள், தசைகள், நரம்பு வேர்கள் ஆகியவற்றில் எழும் வலியைப் பயிற்சி, கைவழிச் சிகிச்சை, இழுவை, வெப்பம், மின்தூண்டல் ஆகியவற்றால் தணிக்கும் மருத்துவ முறை.

வலியின் தன்மையே சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. அசைவுக் குறைவு, விபத்தில் கழுத்து வெடுக்கென இழுபடுதல், கழுத்துவழித் தலைவலி, கைக்குப் பரவும் வலி என நான்காகப் பிரிப்பர். கைகால் பலவீனம், நடைத் தடுமாற்றம், காய்ச்சல் இருந்தால் முதலில் மருத்துவரே பார்க்க வேண்டும்.

ஆழ்தசைப் பயிற்சியில் நோயாளி மல்லாந்து படுக்க, பிடரிக்கடியில் காற்றுப்பை வைத்து அழுத்தம் 20 மி.மீ. பாதரசத்துக்கு ஏற்றப்படும். ஆமோதிப்பதுபோல் மெல்லத் தலையசைத்து, இரண்டிரண்டாக 30 வரை உயர்த்திச் சில நொடிகள் நிறுத்த வேண்டும். மேல்தசைகள் புடைத்தால் பயிற்சி தவறு.

நெதர்லாந்தில் 183 பேரிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், 7 வாரங்களில் குணமடைந்தோர் கைவழிச் சிகிச்சையில் 68.3%, பயிற்சியை மையமாகக் கொண்ட இயன்முறைச் சிகிச்சையில் 50.8%, பொதுமருத்துவர் கவனிப்பில் 35.9%. ஓராண்டில் இந்த இடைவெளி சுருங்கியது. 272 பேரிடம் நடந்து 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வீட்டுப் பயிற்சி முதுகெலும்புக் கைச்சிகிச்சைக்கு ஏறக்குறைய நிகரான பலன் தந்தது. வீட்டுப் பயிற்சிக்குச் செலவு குறைவு என்பதால் இம்முடிவு முக்கியமானது.

இழுவை, கைக்குப் பரவும் வலியில் சிலருக்கே உதவுகிறது. கழுத்துப் பட்டையை நெடுநாள் அணிவது தசைகளைப் பலவீனப்படுத்திவிடும். கழுத்தை விசையுடன் திருப்பும் கைமுறையால், மிக அரிதாக, தமனி கிழிந்து பக்கவாதம் நேரலாம்.