ஒரு வரி படிக்க எவ்வளவு இடம் வேண்டும்?

ஒரு வரியைப் படித்து வாங்குவது என்ன பெரிய வித்தையா என்று தோன்றும். லேபில் டர்போ சி-யில் புரோகிராம் அடித்த நம்மில் பலருக்கும் 'கெட்ஸ்' பழக்கமானதுதான். பெயர் சின்னது, அது செய்த கலாட்டா பெரியது.

1979-இல் பெல் லேப்ஸ் வெளியிட்ட யுனிக்ஸ் 7-ஆம் பதிப்பிலேயே கெட்ஸ், எஃப்கெட்ஸ் இரண்டும் இருந்தன. எஃப்கெட்ஸ், அர்ரேயின் அளவைக் கேட்டு வாங்கும். கெட்ஸிடம் அளவைச் சொல்ல வழியே இல்லை. வரி நீண்டால் அது பாட்டுக்கு எழுதிக்கொண்டே போகும்.

1988 நவம்பர் 2 அன்று, கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் தானே பரவும் 'வார்ம்' ஒன்றை இணையத்தில் விட்டார். (அவருடைய அப்பா, பெல் லேப்ஸில் யுனிக்ஸ் பாஸ்வேர்டு பாதுகாப்புக்கு உழைத்தவர். விதியைப் பாருங்கள்!) அது நுழைந்த வழிகளில் ஒன்று ஃபிங்கர். எந்திரத்தில் யார் லாகின் செய்திருக்கிறார் என்று கேட்டால் சொல்லும் சேவை அது. பெர்க்லி யுனிக்ஸில் இருந்த ஃபிங்கர் சர்வர், வருகிற கேள்வியை கெட்ஸ் வைத்துத்தான் படித்தது. ஒதுக்கிய இடம் 512 பைட். வார்ம் அனுப்பியதோ 536 பைட். மிச்சம் ஸ்டாக்கில் வழிந்து, ஃபங்ஷன் முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரியையே மாற்றிவிட்டது. திரும்பிய இடத்தில் காத்திருந்தது வார்மின் சொந்தக் கட்டளைகள்! வாக்ஸ் எந்திரங்களில் இந்த வித்தை பலித்தது, சன் எந்திரங்களில் பலிக்கவில்லை. மொத்தத்தில் சுமார் 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டதாக அன்று மதிப்பிட்டார்கள்.

மோரிஸுக்கு 1990-இல் தண்டனை கிடைத்தது: 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேர சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். கெட்ஸுக்கு? ஒன்றுமில்லை! 1989-இல் வந்த ஆன்ஸி தரத்தில் ஜம்மென்று இடம் பிடித்தது. பழைய புரோகிராம்கள் உடையக்கூடாதாம். 1999 தரத்திலும் இருந்தது. 2011-இல்தான் விடை கொடுத்தார்கள். எனக்கென்னவோ இந்தத் தயவு ரொம்ப அதிகம்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. கெட்ஸை அடித்துவிட்டு எஃப்கெட்ஸ் என்று எழுதினால் மட்டும் வேலை முடியாது. கெட்ஸ் நியூலைனை விழுங்கிவிடும், எஃப்கெட்ஸ் அதைச் சேர்த்தே தரும். வரி பெரிதானால் பாதியைத்தான் தரும், மீதி அடுத்த அழைப்பில் வரும். 2008 போசிக்ஸ் தரத்தில் சேர்ந்த கெட்லைன், தேவைக்கேற்ப இடத்தை வளர்த்துக்கொள்ளும். ஆனால் அந்த இடத்தை விடுவிப்பது உங்கள் பொறுப்பு. நீங்களே இப்படி ஒரு ஃபங்ஷன் எழுதினால், நியூலைன் இல்லாமல் முடிகிற கடைசி வரியையும் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள்.