கலைஞனின் வரலாற்றில் கலைஞனின் குரல்: கார்டன் பென்னட்டும் 1996ஆம் ஆண்டு நூலும்

ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த கலைஞர் ஒருவரைப் பற்றி நூல் வெளியாகும்போது அது அவருக்குக் கிடைத்த அங்கீகாரமாகப் போற்றப்படுகிறது. அந்நூலில் பேசுபவர் யார் என்னும் வினா அரிதாகவே எழுகிறது. ஆஸ்திரேலிய ஓவியர் கார்டன் பென்னட்டின் (1955–2014) கலைவாழ்வு குறித்து 1996இல் வெளிவந்த ‘கார்டன் பென்னட்டின் கலை’ என்னும் நூல் அவ்வினாவுக்குத் தெளிவான விடை தந்தது. கலை வரலாற்றாய்வாளர் இயன் மக்லீனுடன் பென்னட்டும் அதன் ஆசிரியராக இடம்பெற்றார்.

குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் மான்ட்டோ என்னும் ஊரில் பிறந்தவர் பென்னட். பூர்வகுடியைச் சேர்ந்த அவருடைய தாய், பெற்றோரை இழந்து செர்பர்க் குடியிருப்பில் வளர்ந்தவர். ‘பாதுகாப்பு’ என்னும் பெயரில் 1897இல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ், பூர்வகுடியினரின் வசிப்பிடமும் வேலையும் அதிகாரிகளின் கட்டுப்பாட்டில் இருந்தன. அச்சத்தின் நிழலில் வாழ்ந்த குடும்பங்களில் அடையாளம் மறைக்கப்படுவது இயல்பாயிற்று. தம் தாய்வழி மரபைப் பென்னட்டும் ஏறத்தாழப் பதினொரு வயதில்தான் அறிந்தார். தொலைத்தொடர்புத் துறையில் தொழிலாளியாகப் பணியாற்றியபின், முப்பது வயதைக் கடந்து கலைக்கல்லூரியில் சேர்ந்து 1988இல் பட்டம் பெற்றார். வெள்ளையர் குடியேற்றத்தின் இருநூறாம் ஆண்டை ஆஸ்திரேலிய அரசு கொண்டாடிய ஆண்டும் அதுவே.

பாடநூல்களில் பதிந்த காலனியப் படிமங்களையே அவர் தம் கருவியாக்கிக்கொண்டார். 1770இல் கேப்டன் குக் கிழக்குக் கரையைப் பிரிட்டனின் உடைமையாக அறிவித்த காட்சியைச் சாமுவேல் கால்வர்ட் அச்சுச்சித்திரமாக்கியிருந்தார். அதில் பானத் தட்டை ஏந்திய கறுப்பினப் பணியாளர் ஒருவர் நிற்கிறார். ‘பொசெஷன் தீவு’ (1991) ஓவியத்தில் பென்னட் அக்காட்சியை மீண்டும் வரைந்தார். வெற்றிக்காட்சியில் எவரும் கவனிக்காத அப்பணியாளரின்மீது பார்வையாளரின் கண் நிலைபெறுகிறது.

உரிமை பற்றிய விவாதத்தையும் அவர் ஓவியத்தாலேயே நடத்தினார். பூர்வகுடி ஓவியர் மைக்கேல் நெல்சன் ஜாகமாராவின் படைப்பை எடுத்தாண்டு, வெள்ளை ஓவியர் இமான்ட்ஸ் டில்லர்ஸ் 1985இல் ஓர் ஓவியம் தீட்டியிருந்தார். அதற்கு மறுமொழியாகப் பென்னட் தீட்டிய ‘ஒன்பது எதிர்த்தெறிப்புகள்’ (1990) அவருக்கு 1991ஆம் ஆண்டின் மோவே எ ஷாந்தோன் கலைநல்கையைப் பெற்றுத் தந்தது.

புகழ் மற்றொரு சிக்கலையும் உடன் கொண்டுவந்தது. ‘பூர்வகுடி ஓவியர்’ என்னும் முத்திரை தம் படைப்பைக் குறுக்குவதாகப் பென்னட் கருதினார். தம் மரபை அவர் மறுக்கவில்லை. தம்மை அம்மரபின் பேச்சாளராக மட்டுமே காணும் பார்வையை மறுத்தார். 1990களின் நடுப்பகுதியிலிருந்து ‘ஜான் சிட்டிசன்’ என்னும் புனைபெயரிலும் படைப்புகளைக் காட்சிப்படுத்தினார். ‘சிட்டிசன்’ என்றால் குடிமகன். இனம் சுட்டாத அப்பெயரில் வந்த ஓவியத்தைப் பார்வையாளர் எவ்வாறு வாசிப்பார் என்பதே அவர் எழுப்பிய கேள்வி.

இப்பின்னணியில்தான் 1996ஆம் ஆண்டு நூலின் பொருள் விளங்கும். தம் இளமையையும் கல்வியையும் அடையாளத் தேடலையும் அதில் பென்னட் தாமே கட்டுரையாக எழுதினார். ஆய்வாளரின் மதிப்பீட்டுக்கு அருகே கலைஞரின் சான்றும் சம இடம் பெற்றது. விளிம்பிலிருந்து வந்த கலைஞரைப் பற்றிய எந்நூலையும் கையிலெடுக்கும் வாசகர் அதன் ஆசிரியர் பெயர்களையும் பதிப்புரிமைப் பக்கத்தையும் முதலில் காண வேண்டும். கலைஞர் அங்கே ஆய்வுப்பொருளாக நிற்கிறாரா, ஆசிரியராக நிற்கிறாரா என்பதை அவை கூறும்.