நூறு வோல்ட்டிலிருந்து இரண்டு ஓமுக்கு

அண்ணனூர் பணிமனைக்கு வந்துபோகும் மின்சார ரயில்கள் 25,000 வோல்ட் கம்பியில் ஓடுகின்றன. 1931-ல் கடற்கரை–தாம்பரம் பாதை மின்மயமானபோது இருந்தது 1,500 வோல்ட். 1960களில் அதையும் 25,000 ஆக்கினார்கள். வோல்ட் ஏறினால் அதே திறனுக்கு ஆம்பியர் குறையும், கம்பியில் சூடாக வீணாவதும் குறையும். கோயில் திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டிய மைக் செட்காரர்கள் பிடித்ததும் இதே வழிதான். ஆம்ப்ளிஃபயரிலிருந்து 100 வோல்ட் லைன் புறப்படும். ஒவ்வொரு குழாயோடும் ஒரு சின்ன லைன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். 100 வாட்டுக்கு ஒரே ஒரு ஆம்பியர். ஒயரின் தடை ஒரு ஓம் என்றால் நஷ்டம் ஒரு வாட். அதே 100 வாட்டை 2 ஓம் ஸ்பீக்கருக்கு நேரடியாகக் கொடுத்தால் ஏழு ஆம்பியர் ஓடும். அதே ஒயர் 50 வாட்டைத் தின்றுவிடும். தெருக்கோடி வரை மெல்லிய ஒயரில் பாட்டுக் கேட்டது இந்தக் கணக்கால்தான்.

காரில் இந்த வழி அடைபட்டது. வண்டி ஓடும்போதும் பேட்டரியில் 14.4 வோல்ட்தான். அதை வைத்து 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு சானல் ஆறரை வாட்டுக்கு மேல் தர முடியாது. இரண்டு சானலையும் ஒரே ஸ்பீக்கருக்குச் சேர்த்துப் பிரிட்ஜ் செய்தால் உச்சவரம்பு 26. நம் ஊர் மெக்கானிக்குகளின் கைபடாத நாளில்லாத சான்யோ 4440 ஐ.சி.யின் கணக்கும் இதற்குள் அடங்கும்: சானலுக்கு 6 வாட், பிரிட்ஜில் 19. வோல்ட்டை ஏற்ற முடியாதவர்கள் ஓமைக் குறைத்தார்கள். இரண்டு 4 ஓம் ஸ்பீக்கரைப் பேரலலாகக் கோத்தார்கள். ஓம் குறைந்தால் சத்தம் கூடும் என்ற நம்பிக்கை பிறந்தது வோல்ட் பஞ்சத்தில்தான் என்பது என் வாதம். அமெரிக்கக் கார் ஆடியோ போட்டிகள் அதற்கு உரம் போட்டன. 4 ஓமில் எத்தனை வாட் என்பதை வைத்து அங்கே பிரிவு ஒதுக்கியதால், 25 வாட் என்று எழுதி அரை ஓமையும் தாங்கும் ஆம்ப்ளிஃபயர்களைச் செய்தார்கள். அவற்றுக்குள் கனத்த பவர் சப்ளை இருந்தது. மலிவு விலைப் பெட்டிகள் எடுத்துக்கொண்டது நம்பிக்கையை மட்டும்.

பெட்டியில் 1000 வாட் என்று அச்சடித்திருந்தாலும் ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தால் உண்மை தெரியும். 20 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் உள்ளே போவது 288 வாட், ஏ.பி. வகை ஆம்ப்ளிஃபயரில் அதிலிருந்து தொடர்ந்து ஸ்பீக்கருக்கு வருவது ஏறக்குறைய 170. மீதி சூடு. 2 ஓமில் சத்தம் கூடுவது காதுக்கே தெரிகிறதே என்று கேட்கலாம். தெரியத்தான் செய்யும், ஆனால் அதில் பாதி, இரண்டாவது கோனும் சேர்ந்து காற்றைத் தள்ளுவதால் வருவது. வாட் இரட்டித்ததால் கிடைப்பது 3 டெசிபல், அதுவும் வோல்ட் சரியாமல் நின்றால். பிரிட்ஜ் செய்து 2 ஓம் போட்டால் ஒவ்வொரு சானலும் சுமப்பது ஒரு ஓம் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

லைன் டிரான்ஸ்ஃபார்மரில் பேஸ் வராது, காருக்கு அந்த டிரான்ஸ்ஃபார்மர் எதற்கு என்பது இன்னொரு கேள்வி. ஆழமான பேஸுக்கு அதன் உள்ளே இருக்கும் இரும்பு பல மடங்கு பெருக வேண்டும். இது நியாயமான ஆட்சேபம். ஆனாலும் மைக் செட்காரர்களின் வழி காரிலும் செத்துவிடவில்லை. நல்ல கார் ஆம்ப்ளிஃபயரைத் திறந்தால் தடித்த செம்புக் கம்பி சுற்றிய ஃபெரைட் வளையம் ஒன்று இருக்கும். பேட்டரியின் 12 வோல்ட்டை உள்ளேயே உயர்த்துவது அதுதான். விலையைக் குறைக்கும்போது முதலில் சிறுத்துப்போவது அந்த வளையமும் செம்பும்; 2 ஓம் மாட்டியதும் வோல்ட் சரிந்து பேஸ் கிழிவது அதனால்தான்.