மேக்ஸ்வெல் பள்ளியின் சரியான விடை

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க விமானப்படையை நடத்திய தளபதிகளில் பெரும்பாலோர் ஒரே பள்ளியில் படித்தவர்கள். 1920ல் வர்ஜீனியாவின் லாங்லி தளத்தில் தொடங்கப்பட்டு, 1931ல் அலபாமா மாநிலத்து மேக்ஸ்வெல் தளத்துக்கு இடம்பெயர்ந்த விமானப் போர்த்தந்திரப் பள்ளி அது. 'மரபின் தளையின்றி முன்னேறுகிறோம்' என்று பொருள்படும் லத்தீன் வாசகத்தை அது தன் குறிக்கோளாகக் கொண்டிருந்தது. ஒரு ராணுவப் பள்ளிக்கு இது துணிச்சலான வாசகம்தான். (அங்கே படித்த விமானிகளுக்குக் குதிரையேற்றமும் கட்டாயப் பாடமாக இருந்தது என்பது வேறு விஷயம்.)

ஹெரால்ட் ஜார்ஜ், டொனால்ட் வில்சன், கென்னத் வாக்கர், ஹேவுட் ஹான்செல் போன்ற ஆசிரியர்கள் முப்பதுகளில் அங்கே ஒரு கோட்பாட்டை வளர்த்தெடுத்தார்கள். முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் ஒரு தலைமுறையே மடிந்ததைக் கண்டவர்கள் அவர்கள். அது மீண்டும் நிகழக்கூடாதென்றால் எதிரியின் படையைத் தொடவே வேண்டாம், அவன் தொழில்துறையின் முடிச்சுகளை மட்டும் அவிழ்த்தால் போதும் என்றார்கள். 1936ல் பிட்ஸ்பர்க்கில் வெள்ளம் வந்தபோது, ப்ரொப்பல்லருக்கான ஒரு சிறு ஸ்பிரிங்கைச் செய்யும் ஆலை நின்றுபோய், அதனால் விமான உற்பத்தியே தடுமாறியது. வகுப்பறைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா? பகலில், மிக உயரத்தில் பறந்து, அத்தகைய ஆலையை மட்டும் குறிபார்த்துத் தகர்க்கலாம். நகரத்தைக் கொளுத்த வேண்டியதில்லை. அறவுணர்வும் சிக்கனமும் ஒரே புள்ளியில் சந்திக்கும் கோட்பாடு. அதன் கவர்ச்சி நமக்கும் புரிகிறது.

ஆனால் அந்தத் தர்க்கத்தின் நடுவே ஒரு கண்ணி சோதிக்கப்படாமலே இருந்தது. நன்கு அணிவகுத்துச் செல்லும் குண்டுவீச்சு விமானங்களைத் தடுத்து நிறுத்த முடியாது என்று வாக்கர் கற்பித்தார். அது வெறும் பிடிவாதம் அல்ல. 1930களின் முற்பகுதியில் வந்த மார்ட்டின் பி-10 அன்றைய சண்டை விமானங்களுக்குச் சளைக்காத வேகம் கொண்டது. அந்த நிலை சில ஆண்டுகளே நீடித்தது, பாடமோ அப்படியே தொடர்ந்தது. ரேடார் பிரிட்டனில் 1935லிருந்து ரகசியமாக உருவாகி வந்ததை மேக்ஸ்வெல் அறிந்திருக்கவில்லை. குறிபார்க்கும் பயிற்சியோ, தெளிந்த வானில், யாரும் திருப்பிச் சுடாத திடலில் நடந்தது.

மறுத்துப் பேச ஒருவர் இருந்தார். சண்டை விமானப் பாடம் நடத்திய கிளேர் செனால்ட். தரையில் கண்காணிப்பாளர்களை நிறுத்தித் தொலைபேசியால் இணைத்தால், வரும் விமானங்களை வழிமறிக்க முடியும் என்று வாதிட்டார். கேட்பாரில்லை. காது மந்தமாகி, உடல்நலம் குன்றி 1937ல் ஓய்வுபெற்றுச் சீனாவுக்குப் போனார். அங்கே அதே கண்காணிப்பு வலையை அமைத்து, அது வேலை செய்யும் என்று ஜப்பானியருக்கு எதிராக நிரூபித்தார். தன் கட்டடத்திற்குள்ளேயே இருந்த மறுப்பைக் கேட்காதது அந்தப் பள்ளியின் பெரிய தோல்வி என்று எனக்குத் தோன்றுகிறது. மரபை உதறியவர்கள் பத்தே ஆண்டுகளில் தமக்கென ஒரு மரபைச் சமைத்துக்கொண்டார்கள்.

1941 ஆகஸ்டில் ஜெர்மனிக்கு எதிரான விமானப்போர்த் திட்டத்தை வரையும் பணி வாஷிங்டனில் நால்வரிடம் வந்து சேர்ந்தது: ஜார்ஜ், வாக்கர், ஹான்செல், லாரன்ஸ் கூட்டர். நால்வருமே மேக்ஸ்வெல் ஆசிரியர்கள். ஒன்பது நாட்களில் 154 இலக்குகளைக் கொண்ட திட்டம் தயார். துணைக்குச் செல்லும் சண்டை விமானங்கள் பற்றிய பேச்சு அதில் உண்டு. ஆனால் திட்டம் அவற்றை நம்பி நிற்கவில்லை. பாடம் எழுதியவர்களே வினாவும் எழுதி விடையும் எழுதியதைப் போன்றது இது.

வாக்கர் தன் பாடத்தைத் தானே உயிரால் சோதித்தார். 1943 ஜனவரி 5 அன்று ரபால் துறைமுகத்தை விடியலில் தாக்கும்படி அவருடைய மேலதிகாரி ஜார்ஜ் கென்னி உத்தரவிட்டிருந்தார். அவரும் அதே பள்ளியின் முன்னாள் ஆசிரியர்தான். இரவில் புறப்பட்டால் அணிவகுப்பு கலைந்துவிடும் என்று கருதிய வாக்கர் நண்பகலில் தாக்கினார். தாக்குதலுக்கு நேரில் போகக்கூடாது என்ற தடையையும் மீறி உடன் பறந்தார். 12 விமானங்கள் போயின. வாக்கர் இருந்த விமானம் திரும்பவில்லை, அவர் உடலும் கிடைக்கவில்லை.

அதே ஆண்டு ஆகஸ்ட் 17. பால் பேரிங் ஆலைகள் நிறைந்த ஷ்வைன்ஃபுர்ட்டையும் விமான ஆலை இருந்த ரேகன்ஸ்பர்கையும் நோக்கி 376 விமானங்கள் பறந்தன, 60 வீழ்ந்தன. அக்டோபர் 14 அன்று மீண்டும் ஷ்வைன்ஃபுர்ட். 291 விமானங்கள் கிளம்பின. மறுபடி 60 வீழ்ந்தன. ஒரு விமானத்தில் பத்துப் பேர். இலக்கின் தேர்வு முற்றிலும் பிழையென்று சொல்லிவிட முடியாது. முதல் தாக்குதலுக்குப் பின் பேரிங் உற்பத்தி 38 விழுக்காடு சரிந்தது என்று ஹிட்லரின் ஆயுத அமைச்சர் ஸ்பியரே பின்னாளில் எழுதினார். ஆனால் உடனே திரும்பிப்போய் அடிக்க முடியவில்லை. இருப்பைக் கொண்டு சமாளிக்கவும், பிறகு ஆலைகளைச் சிதறடித்து வைக்கவும் ஜெர்மானியருக்கு அவகாசம் கிடைத்தது. கூடுதல் எரிபொருள் தொட்டியுடன் பி-51 மஸ்டாங் விமானங்கள் துணைக்கு வரத் தொடங்கியது டிசம்பரில்தான். பள்ளி அக்கறை காட்டாத சண்டை விமானம்தான் பள்ளியின் கோட்பாட்டைக் காப்பாற்றியது.

ஹான்செல் கடைசிவரை தன் பாடத்தை விடவில்லை. 1944 நவம்பரில் மரியானா தீவுகளிலிருந்து டோக்கியோ அருகிலிருந்த விமான எஞ்சின் ஆலையைத் தாக்க முயன்றார். 30,000 அடி உயரத்தில் வீசிய கடுங்காற்று குண்டுகளை இலக்கிலிருந்து தள்ளியது, மேகம் இலக்கை மறைத்தது. நகரங்களைத் தீக்குண்டுகளால் எரிக்கச் சொன்ன வற்புறுத்தலை அவர் எதிர்த்தார். 1945 ஜனவரியில் பதவி பறிபோயிற்று. அவரிடத்துக்கு வந்தவர் கர்டிஸ் லெமே. மார்ச் 9 இரவு, தாழப் பறந்து, டோக்கியோவில் ஏறத்தாழ 16 சதுர மைல் பரப்பைத் தீக்கிரையாக்கினார். இறந்தவர்கள் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர்.

பள்ளியின் வகுப்புகள் 1940லேயே நின்றுவிட்டிருந்தன. 1946ல் அதே மேக்ஸ்வெல் தளத்தில் விமானப்படைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் மியூர் ஃபேர்சைல்ட், முப்பதுகளின் இறுதியில் அந்தப் பழைய பள்ளியில் பாடம் நடத்தியவர்.